பூஸ்ட் வரலையா, நிற்கலையா, அடங்கலையா? டர்போ, மேனிஃபோல்டு கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"ஏனுங்ணா, டர்போ போயிருச்சாட்ட இருக்குதுங்க. பெருசா ஒண்ணு போட்டரலாமுங்களா?"

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். எக்ஸாஸ்ட் புகை டர்பைன் வீலைச் சுற்ற, அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் வீல் இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், அதுதான் டர்போ. அப்படி ஏறும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். கழற்றிப் பார்த்தால் டர்போ அருமையாகச் சுற்றும். ஷாஃப்டில் ஆட்டம் இருக்காது, வீலில் கீறல் இருக்காது. வில்லங்கம் அதற்கு முன்னால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுவரும் குழாய்க் கொத்தான மேனிஃபோல்டில் இருக்கும். இல்லாவிட்டால் இஞ்சினுக்கும் டர்போவுக்கும் பொருத்தம் பார்க்காமல் கட்டிவைத்ததில் இருக்கும்.

பேசுவதற்கு ஓர் உதாரண வண்டி வேண்டும். 2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், 7000 ஆர்பிஎம்மில் 300 எச்.பி. என்று வைத்துக்கொள்வோம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகக் கட்டுகிற வண்டி. ரோட்டில் ஓடும் வண்டியில் இப்படிக் கை வைத்தால் வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு சின்னதுதான். பெட்ரோல் இஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று உள்ளே போனால் சுமார் 22 எச்.பி. வரும். 300-க்கு 13.6 கிலோ வேண்டும். நம் இஞ்சின் 7000 ஆர்பிஎம்மில் இழுப்பது, 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு 6300 லிட்டர். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வெயில் நேரத்தில் இங்கே ஒரு கன மீட்டர் காற்று 1.1 கிலோதான் தேறும். ஆக டர்போ இல்லாமல் உள்ளே போவது 7 கிலோவுக்கும் குறைவு. அதை இரண்டு மடங்காக்க பூஸ்ட் 1 பாருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். ஃபில்டரிலும், சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் கம்ப்ரசரின் அழுத்த விகிதம் (வெளியே வரும் அழுத்தம் உள்ளே போகும் அழுத்தத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 2.2. இந்த 13.6 கிலோ, 2.2 என்ற இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு கம்ப்ரசர் மேப்பைப் பாருங்கள், அதாவது எவ்வளவு காற்றுக்கு, எந்த விகிதத்தில், கம்ப்ரசர் எவ்வளவு திறனோடு வேலை செய்யும் என்று காட்டும் வரைபடத்தை. அந்தப் புள்ளி, திறன் அதிகமாக இருக்கும் மேப்பின் நடுத்தீவுக்குப் பக்கத்தில் விழாத டர்போவை யார் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு துளை

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். மேனிஃபோல்டில் நாலு ரன்னரும் (சிலிண்டருக்கு ஒன்றாக வரும் குழாய்) சேரும் கலெக்டரில், டர்பைனுக்குச் சற்று முன்னால், ஒரு துளை போட்டு எட்டில் ஒரு இஞ்ச் திரெட் உள்ள நட்டை வைத்து வெல்டு பண்ணுவேன். அதிலிருந்து லாரிக்குப் போடும் இரும்பு பிரேக் பைப்பை அரை மீட்டருக்குக் குறையாமல் எடுத்து, ஐந்தாறு சுற்று சுருட்டிவிட வேண்டும். சூடு அந்தச் சுருளிலேயே இறங்கிவிடும். அதற்கப்புறம் ரப்பர் ஹோஸ், அதன் முனையில் 4 பார் கேஜ். செம்புப் பைப் வளைக்கச் சுலபம்தான், ஆனால் பெட்ரோல் எக்ஸாஸ்ட் 900 டிகிரியைத் தொடும்போது மேனிஃபோல்டை ஒட்டிய இடத்தில் அது நெகிழ்ந்துவிடும். அங்கே இரும்புதான் சரி.

இந்தக் கேஜையும் பூஸ்ட் கேஜையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மூன்றாவது கியரில் முழு த்ராட்டில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டர்பைனுக்கு முன்னால் இருக்கும் இந்த அழுத்தத்தை இனிமேல் முன்னழுத்தம் என்றே சொல்கிறேன். பூஸ்ட் 1 பார் இருக்கும்போது முன்னழுத்தம் 1-லிருந்து 1.5 பார் வரை இருந்தால் ஜோடிப் பொருத்தம் நன்றாக இருக்கிறது. 2-ஐத் தாண்டினால் டர்பைன் சிறிது, அல்லது டர்பைனுக்குப் பின்னால் எங்கோ அடைப்பு. இந்த ஒரு கேஜ் இல்லாமல் டர்போ மாற்றுவது, நீர்மட்டம் பார்க்காமல் போர் இறக்குகிற மாதிரிதான்.

அறிகுறி: பூஸ்ட் வருவதற்குள் விடிந்துவிடுகிறது

4500 ஆர்பிஎம் வரைக்கும் வண்டி மாடு மாதிரி நிற்கிறது, அதற்கப்புறம் திடீரென்று பாய்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவிலும் இது உயிரை வாங்கும். வளைவில் ஆர்பிஎம் இறங்கும், பூஸ்ட் வருவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

முதலில் கசிவு. காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி மேனிஃபோல்டு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டு), டர்போ ஃபிளாஞ்ச், வேஸ்ட்கேட் (பூஸ்ட் ஏறியதும் மிச்சப் புகையை டர்பைனைத் தவிர்த்து வெளியே விடும் வால்வு) ஃபிளாஞ்ச் மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எக்ஸாஸ்டில் கசிவது டர்பைனுக்குப் போக வேண்டிய சக்தி. கரி படிந்த கறுப்புக் கோடு இருந்தால் அங்கேதான் கசிகிறது. இன்லெட் பக்கத்துக்கு என் வழி போர் பைப் எண்ட் கேப். டர்போ வாய்க்குப் பொருந்துகிற பி.வி.சி. கேப்பில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, கேப்பை ஹோஸ் வைத்துக் கிளாம்ப் பண்ணி, மெதுவாக 1 பார் காற்று ஏற்றுங்கள். அதற்கு முன் டப்பெட் கவரிலிருந்து வரும் மூச்சுக்குழாயை அடைத்துவிட வேண்டும். மறந்தால் ஆயில் சீல் தெறித்து நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

கசிவே இல்லையென்றால் வேஸ்ட்கேட் வால்வு சீட்டில் சரியாக உட்காருகிறதா பாருங்கள். அதுவும் சரி, முன்னழுத்தமும் கீழ் ஆர்பிஎம்மில் ஏறவே இல்லை என்றால் டர்பைன் ஹவுசிங் பெரிது. அப்போது டர்போ முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஏ/ஆர் (ஹவுசிங்கில் புகை வழி எவ்வளவு பெரிது என்று சொல்லும் எண்) 0.82 ஹவுசிங் இருந்தால் 0.63 போட்டுப் பாருங்கள், வீல் அதேதான்.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கே உரிய ஓர் ஆசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமக்கல், சங்ககிரி பக்கம் போனால் லாரி டர்போ செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். "6 லிட்டர் லாரிக்கே பத்துதுன்னா நம்ம 2 லிட்டருக்குப் பத்தாதுங்களா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. லாரி 2400 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 7200 லிட்டர் இழுக்கும். நம்முடையது 7000 ஆர்பிஎம்மில் 7000 லிட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆனால் லாரி 1200-லிருந்து 2400-க்குள்ளேயே வாழ்கிறது. நம் வண்டி 3000-த்தில் இருக்கும்போது இழுப்பது 3000 லிட்டர்தான், பாதிகூட இல்லை. அந்த டர்பைன் எப்படிச் சுற்றும்? அது போக, முழு லோடில் டீசல் எக்ஸாஸ்ட் பெட்ரோலை விட 200 டிகிரிக்கு மேல் குளிர்ச்சி. டீசல் சூட்டுக்கு வார்த்த ஹவுசிங் பெட்ரோல் சூட்டில் கொஞ்ச நாளில் உள்ளே வெடிப்பு விடும். பல லாரி டர்போக்களில் பேரிங்குக்குத் தண்ணீர் கூலிங்கும் கிடையாது.

டர்பைனுக்குள் புகை போக இரண்டு தனி வழி உள்ள ட்வின் ஸ்க்ரோல் டர்போவுக்காக ரன்னரைப் பிரித்திருந்தால் ஒன்று கவனியுங்கள். ஃபயரிங் 1-3-4-2 என்றால் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொரு ஜோடி. இதைச் சரியாகச் செய்துவிட்டு, இரண்டு ஜோடிக்கும் பொதுவாக ஒரே வேஸ்ட்கேட் பைப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். தடுப்புச் சுவர் கட்டிவிட்டு நடுவில் ஜன்னல் வைத்த கதை. ஆளுக்கொரு வேஸ்ட்கேட் வையுங்கள், அல்லது வேஸ்ட்கேட் வாய் வரைக்கும் தடுப்பைக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: வந்த பூஸ்ட் மேலே போகப் போக இறங்குகிறது

5000-த்தில் 1 பார், 6800-ல் 0.7. துளை போட்டதன் பலன் இங்கேதான் தெரியும்.

பூஸ்ட் இறங்க இறங்க முன்னழுத்தம் மட்டும் 2, 2.5 என்று ஏறினால் டர்பைன் திணறுகிறது. இஞ்சின் வெளியே தள்ளும் புகை அந்தச் சின்ன வழியில் போக முடியாமல் முட்டி நிற்கிறது. பெரிய ஏ/ஆர் அல்லது பெரிய டர்பைன் வீல்தான் மருந்து. அதற்கு முன், டர்போவிலிருந்து சைலென்சருக்குப் போகும் டவுன்பைப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். முன்னழுத்தம் அதில் சட்டென்று இறங்கினால் குற்றவாளி சைலென்சர், டர்போ இல்லை.

முன்னழுத்தமும் பூஸ்டோடு சேர்ந்தே இறங்கினால் கதை வேறு. வேஸ்ட்கேட் வால்வை எக்ஸாஸ்டே தள்ளித் திறக்கிறது. 25 மில்லிமீட்டர் வால்வின் மேல் 2.5 பார் அழுத்தம் என்றால் பன்னிரண்டரைக் கிலோ எடை தள்ளுகிற மாதிரி. ஸ்பிரிங் நலிந்திருந்தால் தாங்காது. ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

முன்னழுத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் கேஜைக் கம்ப்ரசர் வெளிவாயில் ஒன்று, இன்டர்கூலருக்குப் பின்னால் ஒன்று என்று மாற்றுங்கள். நடுவில் 0.15 பாருக்கு மேல் காணாமல் போனால் இன்டர்கூலர் அல்லது மடிந்த ஹோஸ்.

எல்லாம் சரியாக இருந்தும் மேலே பவர் இல்லையென்றால் கம்ப்ரசர் மேப்பின் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. நம் கணக்கில், கம்ப்ரசர் 72 சதவீதத் திறனில் வேலை செய்தால் வெளியே வரும் காற்று சுமார் 139 டிகிரி. 60 சதவீதத்துக்கு இறங்கினால் 161. பூஸ்ட் கேஜ் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இஞ்சினுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும், நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும்.

அறிகுறி: பூஸ்ட் அடங்க மாட்டேன் என்கிறது

0.7-ல் நிற்க வேண்டியது ஆர்பிஎம் ஏற ஏற 0.9, 1.1 என்று போய்க்கொண்டே இருக்கிறது. பூஸ்ட் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, வேஸ்ட்கேட்டுக்கு நேராகக் குழாய் கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் ஏறினால் வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் வழி போதவில்லை. ஆரம்பத்தில் ஒரு எகிறு எகிறிவிட்டு அப்புறம் அடங்குவது இது இல்லை. அது கன்ட்ரோலர், குழாய் நீளம் சம்பந்தப்பட்டது.

பலருக்கு இது புது சைலென்சர் போட்ட அன்றே ஆரம்பிக்கும். 3 இஞ்ச் பைப் போட்டதும் டர்பைன் வழி தாராளமாகிறது, வேஸ்ட்கேட் வழி பழைய அளவிலேயே இருக்கிறது. இன்னொன்று, கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள்: பூஸ்ட் குறைவாக வைக்கத்தான் பெரிய வேஸ்ட்கேட் வேண்டும். குறைந்த பூஸ்ட் என்றால் டர்பைனைத் தவிர்த்து நிறையப் புகையை வெளியே விட வேண்டும், அதுதான் காரணம். 38 மில்லிமீட்டர் போதவில்லையென்றால் 44-க்குப் போங்கள்.

அளவை விட முக்கியம் இடம். கலெக்டரிலிருந்து புகை போகும் திசையிலேயே சாய்வாக வேஸ்ட்கேட் பைப் கிளம்ப வேண்டும். ஒரே ஒரு ரன்னரின் விலாவில் 90 டிகிரியில் குத்தி வைத்தால் மற்ற மூன்று சிலிண்டர் புகைக்கு அந்த வழி இருப்பதே தெரியாது.

அறிகுறி: புறா குமுறுகிற சத்தம்

த்ராட்டிலை விடும்போது வந்தால், அப்போது தேங்கும் பூஸ்டை வெளியே விடும் டம்ப் வால்வின் ஸ்பிரிங் முறுக்கு அதிகம். பசங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், த்ரஸ்ட் பேரிங்குக்குப் பிடிக்காது. ஆனால் டாப் கியரில் 2500-ல் முழு த்ராட்டில் அழுத்திக்கொண்டிருக்கும்போதே "குக்குக்குக்" என்று வந்தால் அது சர்ஜ். கம்ப்ரசர் தள்ளுகிற காற்றை இஞ்சின் வாங்கிக்கொள்ளவில்லை. கம்ப்ரசர் பெரிது, டர்பைன் சிறிது என்ற ஜோடியில் இது வரும். கீழ் ஆர்பிஎம்மில் மட்டும் கன்ட்ரோலரில் பூஸ்டைக் குறைத்தால் பாதி வழக்கு முடியும். முடியாவிட்டால் சின்ன கம்ப்ரசர்தான்.

அறிகுறி: மேனிஃபோல்டு விரிசல்

விரிசல் எங்கே விட்டிருக்கிறது என்பதே பாதிப் பதில். அதனால் உடனே வெல்டிங் ராடைத் தூக்காதீர்கள். முதலில் சாக்பீஸால் குறி போட்டு ஒரு போட்டோ எடுங்கள்.

நான் கட்டிய முதல் ட்யூபுலர் மேனிஃபோல்டு 304 ஸ்டெயின்லெஸ், ஒன்றரை மில்லிமீட்டர் சுவர். பளபளவென்று, கல்யாணச் சொம்பு மாதிரி இருந்தது. டர்போவைத் தாங்க ஸ்டே எதுவும் வைக்கவில்லை, பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று. மூன்றாவது நாள் ட்ராக்கில் நாலாவது சுற்றில் டிராக்டர் சத்தம். கலெக்டர் வெல்டிங்கின் ஓரமாகவே, ஆணி வைத்துக் கோடு கிழித்த மாதிரி, பாதிச் சுற்றுக்குப் பிளந்திருந்தது. கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தலைமேல செமையை வெச்சுட்டு கழுத்து வலிக்குதுன்னா என்னத்தப் பண்றது கண்ணு" என்றார். அதற்கப்புறம் ஸ்டே இல்லாமல் நான் டர்போ தொங்கவிட்டதில்லை. ஸ்டேவை பாடியில் கட்டாதீர்கள், பிளாக்கில் கட்டுங்கள். இஞ்சின் ஆடும்போது டர்போவும் சேர்ந்தே ஆட வேண்டும்.

கலெக்டர் வெல்டிங் ஓரம் பிளந்தால் எடை. இரண்டு போர்ட்டுக்கு நடுவில் ஃபிளாஞ்சில் பிளந்தால் விரிவு. இதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். 300 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ரன்னர் 700 டிகிரி சூடு ஏறினால் 3.6 மில்லிமீட்டர் நீளும். மைல்ட் ஸ்டீல் என்றால் 2.5. இந்த நீளம் போக இடம் இல்லாமல் இரண்டு முனையையும் இறுக்கிவைத்தால் உலோகம் எங்கேயாவது வழி பண்ணிக்கொள்ளும். ரன்னரில் வளைவு இருந்தால் அது கொஞ்சம் உள்வாங்கும். நேராக, குட்டையாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நகரும் ஸ்லிப் ஜாயிண்ட் வேண்டும்.

ஃபிளாஞ்சும் அப்படியே. 400 மில்லிமீட்டர் ஸ்டீல் ஃபிளாஞ்ச் 500 டிகிரி ஏறினால் 2.4 மில்லிமீட்டர் நீளும். அது உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹெட்டுக்குத் தண்ணீர் கூலிங் இருப்பதால் முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். ஒவ்வொரு முனையிலும் எண்பது பாயிண்ட் (0.8 மில்லிமீட்டர்) அளவுக்கு இழுபறி. எனவே நடு ஸ்டட் துளையை அளவாக வைத்து, ஓரம் போகப் போக ஓவல் ஆக்குங்கள். கடைசித் துளை 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 10 மில்லிமீட்டர் இருக்கலாம். வெல்டிங் முடிந்ததும் போர்ட்டுகளுக்கு நடுவே ஃபிளாஞ்சை அறுத்துவிடுவது இன்னும் நல்லது. ஸ்டட் அடிக்கடி தளர்கிறது, கேஸ்கெட் ஊதுகிறது என்று வருவதும் பெரும்பாலும் இதே விவகாரம்தான். இன்னும் இறுக்குவது பரிகாரம் ஆகாது.

வெல்டிங்கிலிருந்து தள்ளி பைப்பின் வளைவு உட்புறத்தில் பிளந்தால் சுவர் மெலிந்தது. வெல்டிங்கே நொறுங்கிப் போயிருந்தால் உள்பக்கம் பாருங்கள். கரும்புச் சக்கரை கருகிய மாதிரிப் பொருபொருவென்று இருக்கும். டிக் வெல்டிங் பண்ணும்போது உள்ளே ஆர்கான் விடாததன் அடையாளம் அது. இரண்டு முனையையும் அலுமினியத் தாளால் அடைத்து உள்ளேயும் ஆர்கான் ஓடவிட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ரன்னரை மைல்ட் ஸ்டீல் ஃபிளாஞ்சில் சேர்க்கும்போது ஃபில்லர் 309, 308 இல்லை. ஃபிளாஞ்சைப் பழைய ஹெட் ஒன்றில் இறுக்கி வைத்தே வெல்டு பண்ணி, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு கழற்றி, சர்ஃபேஸ் கிரைண்டிங் அடியுங்கள். கோயம்புத்தூரில் அதற்குத் தெருவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது.

என்ன மேனிஃபோல்டு கட்டலாம் என்று என்னைக் கேட்டால், 300 எச்.பி. வரைக்கும் நான் அழகு பார்க்க மாட்டேன். திருப்பூர் டையிங் பாய்லர்களின் ஸ்டீம் லைனுக்குப் போகும் ஒன்றரை இஞ்ச் ஷெட்யூல் 40 எல்போ, சுவர் 3.7 மில்லிமீட்டர். அதைத் துண்டுபோட்டுக் கட்டிய மேனிஃபோல்டு கனமாக இருக்கும், கறுப்பாக இருக்கும், விரிசல் விழாது. நீளமான சம அளவு ரன்னர் மேல் ஆர்பிஎம்மில் கூடக் கொஞ்சம் கொடுக்கும்தான், ஆனால் அதற்கு இடமும் வேண்டும், வெல்டிங் கையும் வேண்டும். அப்புறம் ஒன்று: விரிசலை மறைக்க ஹீட் ராப் சுற்றாதீர்கள். சூட்டை உள்ளேயே பிடித்துவைத்து விரிசலை இன்னும் வளர்க்கும்.

அறிகுறி: நீலப் புகை

டர்போ சீல் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆயில் இறங்கும் குழாயைப் பாருங்கள். டர்போவிலிருந்து ஆயில் அழுத்தத்தில் வெளியே வருவதில்லை, தானாக வழிந்துதான் இறங்குகிறது. குழாய் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் இருக்கட்டும், எங்கேயும் மேடேறக் கூடாது, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். பால் பேரிங் டர்போ என்றால் உள்ளே போகும் ஆயிலுக்கு ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் புகைந்தால் கிராங்க்கேஸ் மூச்சு அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்த பிறகு சீலைப் பற்றி யோசிக்கலாம்.

அறிகுறி: கீழே நன்றாக ஓடுகிறது, ஊட்டியில் கதறுகிறது

சட்டப் பிரிவை மேலேயே சொல்லிவிட்டேன், இருந்தாலும் மலைக்கு எடுத்துப்போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஊட்டி 2240 மீட்டர். காற்றழுத்தம் 0.77 பார். கீழே இருந்த அதே 1 பார் பூஸ்டை அங்கேயும் கேட்டால் அழுத்த விகிதம் 2.2-லிருந்து 2.5-க்குப் போகிறது. டர்போ அதற்கேற்ப வேகமாகச் சுற்ற வேண்டும். ஏற்கெனவே விளிம்பில் ஓடுகிற சின்ன டர்போ என்றால் வேக எல்லையைத் தாண்டும். அதுதான் விசில் கீச்சென்று மாறுவது. மலைக்குப் போகும் நாளில் குன்னூர் தாண்டும்போதே கன்ட்ரோலரில் 0.8 பாருக்கு இறக்கிவிடுங்கள், விகிதம் மறுபடி 2.2-க்கே வந்துவிடும். பவர் குறையும், டர்போ திரும்பி வரும். மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு டீ குடிக்கும்போது பழையபடி ஏற்றிக்கொள்ளலாம்.